போன ஆண்டைவிட எத்தனை சதவீதம்? எந்தக் கணக்கை எப்போது எடுப்பது

போன ஆண்டு 40 லட்சம் நட்டம், இந்த ஆண்டு 60 லட்சம் லாபம். இதை நான் தயாரித்த ஆண்டு ஒப்பீட்டு அட்டவணையில் போட்டபோது, சதவீத மாற்றம் என்ற பத்தியில் மைனஸ் 250 என்று வந்து உட்கார்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. கூட்டத்தில் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த இயக்குநர் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, “நட்டத்திலிருந்து லாபத்துக்கு வந்துட்டோம்னு சொல்றீங்க, இங்க மைனஸ் 250 சதவீதம்னு இருக்கே, எதை நம்புறது?” என்று கேட்டார். ஃபார்முலாவில் பிழை எதுவும் இல்லை. புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் 100, அதைப் பழைய எண்ணான மைனஸ் 40-ஆல் வகுத்தால் மைனஸ் 2.5, அதாவது மைனஸ் 250 சதவீதம். கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது, அது சொல்லும் செய்திதான் நேர்மாறு.

ஆண்டுக்கு ஆண்டு சதவீத மாற்றம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு, போடத் தெரியாதவர்கள் கணக்குத் துறையில் யாரும் இல்லை. ஆனால் எதோடு எதை ஒப்பிடுவது, எதால் வகுப்பது, இந்த வரிக்குச் சதவீதமே போடலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நாம் நின்று யோசிப்பதில்லை, முதல் வரியில் ஃபார்முலாவை அடித்துப் பத்தி முழுக்கக் கீழே இழுத்துவிட்டுப் போய்விடுகிறோம். மாதாமாதம் இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில், கையில் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை எப்போது எடுப்பேன், எதைத் தொடமாட்டேன் என்று எழுதுகிறேன்.

எதால் வகுப்பது

80 லட்சமாக இருந்த விற்பனை 100 லட்சம் ஆகிறது. கூடியது 20 லட்சம். அதைப் பழைய 80-ஆல் வகுத்தால் 25 சதவீதம், புதிய 100-ஆல் வகுத்தால் 20 சதவீதம். வளர்ச்சி என்று சொல்வதானால் கிளம்பிய இடத்தால்தான் வகுக்க வேண்டும், ஆகவே 25தான் விடை. இதில் யாருக்குத் தடுமாற்றம் வரும் என்று தோன்றலாம், ஆனால் விற்ற தொகையில் லாபம் எத்தனை சதவீதம் என்று நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய கைக்குப் பெரிய எண்ணால் வகுப்பது தானாக வந்துவிடும், அப்படிச் செய்த அட்டவணைகளை நான் திருத்தியிருக்கிறேன். தடுமாற்றமே வேண்டாம் என்றால் கழித்தல் வகுத்தல் என இரண்டு படியாகப் போகாமல், புதியதைப் பழையதால் வகுத்து 1-ஐக் கழியுங்கள். 1.25 கழித்தல் 1, விடை 0.25. எக்செல்லில் அந்தச் செல்லைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் போதும், 100-ஆல் பெருக்கவும் செய்துவிட்டு வடிவத்தையும் மாற்றினால் 2500 சதவீதம் என்று காட்டும்.

இந்த முறையில் ஒரு கோணல் உண்டு. 80 லட்சம் 100 லட்சமானால் 25 சதவீத ஏற்றம், அதே 100 மறுபடி 80-க்குப் போனால் 20 சதவீத இறக்கம். ஏறியதும் இறங்கியதும் ஒரே தொகை, சதவீதம் மட்டும் வேறு. பாதியாகக் குறைந்த ஒன்று பழைய இடத்துக்கு வர 50 சதவீதம் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும். இந்தக் கோணலைச் சரிசெய்ய இரண்டு மாற்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு எண்களின் நடுப்புள்ளியால் வகுப்பது: 20-ஐ 90-ஆல் வகுத்தால் 22.2, ஏறினாலும் இறங்கினாலும் அதே விடை. இன்னொன்று, இயல் மடக்கைகளின் (எக்செல்லில் LN) வித்தியாசத்தை எடுப்பது: அது 22.3 என்று வரும், அதோடு பல ஆண்டு மாற்றங்களை அப்படியே கூட்டிக்கொண்டும் போகலாம் என்பது அதன் பெரிய வசதி. புள்ளியியல் மாதிரிகள் கட்டுகிறவர்கள் மடக்கையை விரும்புவது அதனால்தான். ஆனால் மேலாளருக்கோ பங்குதாரருக்கோ வங்கிக்கோ போகிற தாளில் இவை இரண்டையும் நான் போடமாட்டேன். 80-லிருந்து 100 என்று பார்க்கிற எவரும் மனதுக்குள் கால் பங்கு கூடியிருக்கிறது என்றுதான் கணக்குப் போடுவார், பக்கத்தில் 22.3 என்று கண்டால் மற்ற எண்கள்மீதும் நம்பிக்கை போய்விடும்.

எந்தக் காலத்தோடு ஒப்பிடுவது

முடிவு உண்மையிலேயே கடினமாவது இங்கேதான். ஜூன் மாத எண் கையில் இருக்கிறது. போன ஜூனோடு வைக்கலாம், இந்த மே மாதத்தோடு வைக்கலாம், மே மாதத்தோடு வைத்து வந்த வேகத்தை ஓராண்டுக்கு நீட்டலாம், இல்லையென்றால் கடைசிப் பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையை அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தோடு வைக்கலாம். நான்கும் நான்கு விடை தரும், நான்கும் சரியான கணக்கு.

போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுவதற்கு ஒரே பெரிய காரணம் பருவம். குடை விற்கிறவருக்கு மழைக்காலத்துக்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் ஆண்டும் அபார வளர்ச்சி தெரியும், மழை ஓய்ந்ததும் பெரும் சரிவு தெரியும், இரண்டிலும் செய்தி எதுவும் கிடையாது. மழைக்காலத்தை மழைக்காலத்தோடு வைத்தால்தான் வியாபாரம் தெரியும். பருவம் அழுத்தமாக இருக்கிற எந்தத் தொழிலுக்கும் இதுதான் என் முதல் தேர்வு.

ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு, அது திருப்பத்தைத் தாமதமாகக் காட்டும். போன ஆண்டு முழுக்க மாதம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு ஜூனில் 130, ஜூலையில் 126, ஆகஸ்டில் 122, செப்டம்பரில் 118. செப்டம்பர் அறிக்கையில் “போன ஆண்டைவிட 18 சதவீத வளர்ச்சி” என்று தடித்த எழுத்தில் இருக்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்று மாதமாகத் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த 18 சொல்லாது. அதனால் பருவத்தின் தாக்கம் குறைவான தொழில் என்றால், அல்லது ஆர்டரைக் குறைப்பதா கூட்டுவதா என்று அடுத்த வாரமே முடிவெடுக்க வேண்டும் என்றால், முந்தைய மாதத்தோடான மாற்றத்தையும் கூடவே போட்டாக வேண்டும்.

மூன்றாவது வழி, ஒரு காலாண்டின் வேகத்தை ஓராண்டுக்கு நீட்டிச் சொல்வது. அமெரிக்கா தன் உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சியை இப்படித்தான் அறிவிக்கிறது. 2020-ன் இரண்டாம் காலாண்டுக்கு வந்த முதல் மதிப்பீடு 32.9 சதவீத வீழ்ச்சி. பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது என்று பலர் அதைப் படித்தார்கள், ஆனால் அந்தக் காலாண்டில் உண்மையில் குறைந்தது சுமார் 9.5 சதவீதம். அதே வேகத்தில் நான்கு காலாண்டுகள் விழுந்தால் எங்கே போய் நிற்கும் என்பதுதான் அந்த 32.9. அடுத்த காலாண்டின் முதல் மதிப்பீடு 33.1 சதவீத ஏற்றம். 32.9 இறங்கி 33.1 ஏறினால் பள்ளம் நிரம்பிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? காலாண்டுக்குள் ஏறியது 7.4 சதவீதம். 100 என்பது 90.5-க்கு இறங்கி, அங்கிருந்து 7.4 சதவீதம் ஏறினால் சுமார் 97தான். போன ஆண்டின் இதே காலாண்டோடு வைத்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் 2.9 சதவீதம் குறைவு என்ற நேரான செய்தி கிடைத்தது. நிதானமாக நகரும் காலத்தில் ஆண்டுக்கு நீட்டுகிற முறை பயன்படும், ஒரேயடியாகக் குலுக்கும் காலத்தில் அது எல்லாவற்றையும் கிட்டத்தட்ட நாலு மடங்காக்கிக் காட்டும். ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு இதை எடுக்கச் சொல்லி யார் கேட்டாலும் வேண்டாம் என்பேன்.

நான்காவது, கடைசிப் பன்னிரண்டு மாதம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் பல அறிக்கைகளில் இருப்பதில்லை. பருவம் முழுவதும் உள்ளே அடங்கிவிடுவதால் குடை வியாபாரமும் சீராகத் தெரியும், ஒரு மாதத்தின் தற்செயல் ஏற்றத்தாழ்வு மொத்தத்தை ஆட்டாது. கணக்குப் போடுவதும் சுலபம். முடிந்த முழு ஆண்டின் தொகையோடு இந்த ஆண்டில் இதுவரை வந்ததைக் கூட்டி, போன ஆண்டு இதே நாள்வரை வந்ததைக் கழித்துவிட வேண்டும். போன முழு ஆண்டு 1200, இந்த ஆண்டு இதுவரை 700, போன ஆண்டு இதே தேதிவரை 650 என்றால், கடைசிப் பன்னிரண்டு மாதம் 1250. அதையே ஓராண்டுக்கு முன்பும் கட்டி எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மெதுவாகத்தான் நகரும், உண்மைதான், அதனால் இதைத் தனியாக வைக்காமல் மாத ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

இதோடு நாள்காட்டியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023 பிப்ரவரிக்கு 28 நாள், 2024 பிப்ரவரிக்கு 29. நாளொன்றுக்கு 2 லட்சம் என்று துளியும் மாறாமல் விற்றிருந்தாலும் 56 லட்சம் 58 லட்சமாகி 3.6 சதவீத வளர்ச்சி தெரியும், 2025-ல் அதே வியாபாரம் 3.4 சதவீதம் விழுந்ததாகத் தெரியும். வாரக் கணக்கில் ஆண்டை முடிக்கும் சில்லறை வணிக நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகளில் 53-வது வாரம் ஒன்று வந்து சேரும், அது சும்மாவே 1.9 சதவீதத்தைக் கூட்டிவிடும். இந்த மாதிரிச் சமயங்களில் மொத்தத்தை நாட்களால் வகுத்து, நாள் சராசரியை ஒப்பிடுவதைவிட எளிய வழி இல்லை.

அடிப்படை எண் நம்பத்தக்கதா

ஒப்பிடும் காலத்தை முடிவுசெய்த பிறகும் அந்தக் காலத்தின் எண் சாதாரணமானதுதானா என்று கேட்க வேண்டும். போன ஆண்டு லாபம் 90, இந்த ஆண்டு 72 என்றால் 20 சதவீத வீழ்ச்சி. ஆனால் போன ஆண்டின் 90-ல் 30 ஒரு பழைய கட்டடத்தை விற்றதில் வந்தது என்றால், தொழிலில் வந்தது 60தான், அது 72 ஆகியிருக்கிறது, 20 சதவீத வளர்ச்சி. ஒரே கணக்குப் புத்தகம், ஒரே ஃபார்முலா, குறி மட்டும் தலைகீழ். அறிவிக்கப்பட்ட எண்ணையே போடுவதா, ஒருமுறை வரவுகளை எடுத்துவிட்டுப் போடுவதா என்றால், இரண்டையும் போட்டு நடுவில் என்ன எடுக்கப்பட்டது என்ற வரியையும் காட்டுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். எடுத்துவிட்ட எண்ணை மட்டும் போடுகிறவர்கள், போன ஆண்டு கட்டட விற்பனையை லாபத்தில் சேர்த்து மார்தட்டியிருந்தால், இந்த ஆண்டு அதை நீக்க அவர்களுக்கு வாய் இருக்கக்கூடாது. இரு பக்கமும் ஒரே விதி.

போன ஆண்டின் எண்ணை எந்தத் தாளிலிருந்து எடுக்கிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. போன ஆண்டு அறிக்கையில் அச்சானது ஒன்று இருக்கும், இந்த ஆண்டு அறிக்கையின் முந்தைய ஆண்டுப் பத்தியில் அதே தலைப்பில் வேறு ஒன்று இருக்கும். வகைப்படுத்தலை மாற்றியிருப்பார்கள், பிழையைத் திருத்தியிருப்பார்கள், ஒரு பிரிவை விற்றுவிட்டுத் தனியே எடுத்து வைத்திருப்பார்கள். ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டியது இந்த ஆண்டு அறிக்கைக்குள் இருக்கும் திருத்திய எண்தான், ஏனென்றால் அதுதான் இந்த ஆண்டின் அளவுகோலால் அளந்தது. பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுகிற பழக்கம் இங்கேதான் காலை வாரும். ஆனால் எல்லா மாற்றத்துக்கும் பழைய எண்ணைத் திருத்துவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குத்தகைக்கான ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற கணக்கியல் தரம் 2019 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, வாடகையாகப் போய்க்கொண்டிருந்த செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்தது. முந்தைய ஆண்டைத் திருத்தாமலே அதை ஏற்றுக்கொள்ள அனுமதி இருந்தது, பல நிறுவனங்கள் அப்படியே செய்தன. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் அந்த ஆண்டு குபீரென்று ஏறியது, கடைகளையும் விமானங்களையும் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்களுக்கு ரொம்பவே. அந்த ஏற்றத்தை வளர்ச்சி என்று சதவீதத்தில் எழுதியவர்கள் அளவுகோலின் வளர்ச்சியைத்தான் எழுதினார்கள்.

மைனஸில் இருந்து தொடங்கினால்

இப்போது அந்த மைனஸ் 250-க்கு வருகிறேன். கூட்டம் முடிந்து வந்ததும் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான், வகுக்கும் எண்ணுக்கு ஏபிஎஸ் போட்டேன், அதாவது பழைய எண்ணின் குறியை எடுத்துவிட்டு வெறும் அளவால் வகுப்பது. 100-ஐ 40-ஆல் வகுத்தால் பிளஸ் 250. நட்டம் 40-லிருந்து 60 ஆகக் கூடினால் சாதாரண ஃபார்முலா பிளஸ் 50 என்று வளர்ச்சி காட்டும், ஏபிஎஸ் போட்டால் மைனஸ் 50 என்று ஒழுங்காகக் காட்டும். பிரச்சினை தீர்ந்தது என்று சில மாதம் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் மூன்று கிளைகளின் எண்களை ஒன்றாகப் போட வேண்டி வந்தது, அப்போதுதான் உறைத்தது. மூன்றும் இந்த ஆண்டு 60 லாபத்தில் முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிளை போன ஆண்டு 100 நட்டத்தில் இருந்தது, இரண்டாவது 40 நட்டம், மூன்றாவது வெறும் 4 நட்டம். ஏபிஎஸ் முறையில் முதலாவதுக்கு 160 சதவீதம், இரண்டாவதுக்கு 250, மூன்றாவதுக்கு 1600. மிக ஆழமான பள்ளத்திலிருந்து ஏறி வந்தவர் பட்டியலில் கடைசி, பள்ளமே இல்லாமல் விளிம்பில் நின்றவர் முதல். குறி சரியாகிவிட்டது, வரிசை முழுக்கப் புரண்டுவிட்டது. தவறான குறியையாவது யாரேனும் கண்டுபிடித்துக் கேட்பார்கள், இந்த 1600-ஐ யாரும் கேட்கமாட்டார்கள், கைதட்டுவார்கள். அதனாலேயே இதை மைனஸ் 250-ஐவிட மோசமானதாகக் கருதுகிறேன்.

ஆகவே என் முடிவு: பழைய எண் மைனஸ் என்றால், சதவீதம் கிடையாது. அந்தக் கட்டத்தில் “பொருந்தாது” என்று எழுதுவேன், பக்கத்தில் தொகையாக மாற்றம் 100 லட்சம் என்று இருக்கும், கூடவே “நட்டத்திலிருந்து லாபம்” என்று இரண்டு சொல். நட்டம் கூடியதா குறைந்ததா என்பதையும் அப்படிச் சொல்லாகவே எழுதிவிடலாம். லாபத்திலிருந்து நட்டத்துக்குப் போனாலும் இதையேதான் செய்கிறேன். 60-லிருந்து மைனஸ் 40-க்கு என்றால் கணக்கு மைனஸ் 167 சதவீதம் என்று தரும், கணக்குப்படி பிழையில்லை, ஆனால் நூறு சதவீதத்துக்கு மேல் குறைவது என்றால் என்ன என்று படிப்பவர் திணறுவார். பழைய எண் பூஜ்யம் என்றால் பேச்சே இல்லை, எக்செல்லே பிழை காட்டி நிறுத்திவிடும், அதை மறைக்க அங்கே 0 வரும்படியோ 100 வரும்படியோ ஃபார்முலா எழுதுவது தப்பு. 0 என்றால் மாற்றமில்லை என்று பொருள், புதிதாக வந்ததை மாற்றமில்லை என்று சொல்லலாமா?

பழைய எண் பிளஸ்தான், ஆனால் ரொம்பச் சின்னது என்றால்? 2 லட்சமாக இருந்த பிற வருமானம் 19 லட்சம் ஆனால் 850 சதவீதம். பக்கத்திலேயே 4000 லட்சம் விற்பனை 6 சதவீதம் கூடியிருக்கும், அதாவது 240 லட்சம். கண் எங்கே போகும்? 850-க்குத்தான். இதற்கு நான் இரண்டு வரம்பு வைத்திருக்கிறேன். மொத்த விற்பனையில் அரை சதவீதத்துக்கும் கீழே இருக்கும் வரிகளுக்குச் சதவீதம் போடுவதில்லை, 300 சதவீதத்தைத் தாண்டினால் “நான்கு மடங்குக்கு மேல் ஆனது” என்று சொல்லில் எழுதுகிறேன். இந்த எண்கள் வேதவாக்கு இல்லை, உங்கள் தொழிலுக்கு வேறு வரம்பு பொருந்தலாம். ஆனால் ஆண்டு தொடங்கும்போதே வரம்பை எழுதி வைத்துவிடுங்கள், எண் வந்த பிறகு முடிவெடுத்தால் நல்ல செய்திக்கு ஒரு விதி கெட்ட செய்திக்கு ஒரு விதி என்று ஆகிவிடும்.

பல ஆண்டுகள் என்றால்

ஆண்டுக்கு ஆண்டு மாற்றங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதா, சிஏஜிஆர் என்கிற கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதமா என்ற கேள்விக்குச் சிஏஜிஆர் என்பதுதான் விடை, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. முதல் ஆண்டு 50 சதவீதம் ஏற்றம், அடுத்த ஆண்டு 50 சதவீதம் இறக்கம் என்றால் சராசரி பூஜ்யம். 100 என்பது 150 ஆகி 75-ல் வந்து நிற்கிறது. கால் பங்கு போயிருக்கும்போது சராசரியாக மாற்றமில்லை என்று எப்படிச் சொல்வது? சிஏஜிஆர் ஆண்டுக்கு மைனஸ் 13.4 என்று சொல்லும், அதுதான் நடந்தது.

ஆனால் சிஏஜிஆர் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டுமே பார்க்கும், நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. 100, 102, 95, 98, 146.4 என்று ஓடிய ஒரு விற்பனைக்கும், 100, 110, 121, 133.1, 146.4 என்று ஓடிய விற்பனைக்கும் ஒரே விடை, ஆண்டுக்கு 10 சதவீதம். முதலாவதில் மூன்று ஆண்டு நகராமல் கிடந்து கடைசியில் ஒரு பெரிய ஆர்டர் விழுந்திருக்கிறது. கடன் கொடுப்பவரோ முதலீடு செய்பவரோ தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். தொடக்க ஆண்டாக மோசமான ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் சிஏஜிஆர் அழகாக வந்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அதனால் சிஏஜிஆர் போடும் இடத்தில் எல்லா ஆண்டுகளின் எண்களையும் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள், ஐந்து எண்களுக்கு எவ்வளவு இடம் ஆகப்போகிறது?

சதவீதமா, சதவீதப் புள்ளியா

இது சுருக்கமாக. லாப விகிதம் 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் ஆனால், 2 சதவீதப் புள்ளி கூடியது என்றும் சொல்லலாம், 25 சதவீதம் கூடியது என்றும் சொல்லலாம். “2 சதவீதம் கூடியது” என்று மட்டும் சொல்லக்கூடாது, 8-லிருந்து 8.16 ஆனதாகப் படிக்க இடம் இருக்கிறது. வட்டி விகிதம், லாப விகிதம், சந்தைப் பங்கு என்று ஏற்கெனவே சதவீதமாக இருக்கிற எதற்கும் நான் புள்ளியில்தான் எழுதுவேன். வங்கி வட்டாரத்தில் அடிப்படைப் புள்ளி என்பார்கள், 100 அடிப்படைப் புள்ளி சேர்ந்தால் ஒரு சதவீதப் புள்ளி.

மொத்தமா, பங்களிப்பா

இரண்டு பிரிவுகள். ஒன்று 900-லிருந்து 945, வளர்ச்சி 5 சதவீதம். இன்னொன்று 100-லிருந்து 150, வளர்ச்சி 50 சதவீதம். மொத்த வளர்ச்சி எவ்வளவு என்று கேட்டால் இரண்டின் சராசரி 27.5 என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தம் 1000-லிருந்து 1095, ஆக 9.5 சதவீதம். சதவீதங்களை நேரடியாகக் கூட்டிச் சராசரி எடுக்கவே கூடாது, தொகைகளைக் கூட்டிவிட்டு மறுபடி வகுக்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு நல்ல பத்தி பிறக்கிறது. ஒவ்வொரு பிரிவின் தொகை மாற்றத்தையும் அந்தப் பிரிவின் பழைய எண்ணால் வகுக்காமல், மொத்தத்தின் பழைய எண்ணால் வகுங்கள். முதல் பிரிவு 45-ஐ 1000-ஆல் வகுத்தால் 4.5 புள்ளி, இரண்டாவது 50-ஐ 1000-ஆல் வகுத்தால் 5 புள்ளி. இரண்டையும் கூட்டினால் சரியாக 9.5. பெரிய பிரிவின் சோம்பலான 5 சதவீதமும் சின்னப் பிரிவின் பளபளப்பான 50 சதவீதமும் கிட்டத்தட்ட ஒரே எடையைத்தான் தூக்கியிருக்கின்றன என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இதில் மைனஸ் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடுகிறது, ஒரு கிளை நட்டத்தில் இருந்தாலும் மொத்தம் பிளஸில் இருக்கும்வரை பங்களிப்புப் பத்தி அர்த்தமுள்ள எண்ணையே தரும். கிளைகளின் அட்டவணையை நான் கடைசியில் இப்படித்தான் மாற்றினேன். எனக்குத் தெரிந்து, “எங்கே பணம் போடுவது, எந்தப் பிரிவை மூடுவது” என்று முடிவெடுக்க உட்காருகிறவர்களுக்கு இந்தப் பத்தியைப்போல் உதவுவது வேறு இல்லை.

விலையும் நாணயமும்

விற்பனை 12 சதவீதம் ஏறியது, விலைவாசி 7 சதவீதம் ஏறியது என்றால் உண்மை வளர்ச்சி 5 என்று கழித்துச் சொல்வது வழக்கம். தோராயத்துக்குச் சரி, துல்லியமாக 1.12-ஐ 1.07-ஆல் வகுத்தால் 4.7. விலைவாசி 2, 3 சதவீதமாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது, 30, 40 என்று போனால் கழிக்கும் முறை ரொம்பத் தள்ளிப் போய்விடும், அப்போது வகுத்தே ஆக வேண்டும். பல நாணயங்களில் விற்கிற நிறுவனம் என்றால் இந்த ஆண்டின் வெளிநாட்டு விற்பனையைப் போன ஆண்டின் மாற்று விகிதத்திலேயே மாற்றி ஒரு வளர்ச்சி, நடப்பு விகிதத்தில் மாற்றி ஒரு வளர்ச்சி என்று இரண்டும் வேண்டும். முதலாவது வியாபாரம் எப்படிப் போகிறது என்று சொல்லும், இரண்டாவது கையில் வந்த பணத்தைச் சொல்லும்.

நான் இப்போது போடும் அட்டவணை

பத்திகள் இவைதான்: போன ஆண்டு, இந்த ஆண்டு, தொகையாக மாற்றம், சதவீத மாற்றம், மொத்த வளர்ச்சியில் பங்களிப்பு, கடைசிப் பன்னிரண்டு மாத மாற்றம். தொகை மாற்றம் சதவீதத்துக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன், படிக்கிற கண் முதலில் அதைத் தொடட்டும் என்பதற்காக. சதவீதத்துக்கு ஒரு தசமம் போதும். ஆனால் கணக்கு எப்போதும் சுருக்காத எண்ணிலிருந்தே போட வேண்டும், கோடியில் சுருக்கிக் காட்டிய எண்ணிலிருந்து போடக்கூடாது. 1.449 கோடி 1.551 கோடியானால் உண்மையில் 7 சதவீதம், தாளில் 1.4 என்றும் 1.6 என்றும் சுருங்கியதை வைத்துப் போட்டால் 14.3 சதவீதம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. கால்குலேட்டரை எடுத்துச் சரிபார்க்கிற ஒருவர் கண்டிப்பாக எந்தக் கூட்டத்திலும் இருப்பார், அவருக்காக அட்டவணையின் அடியில் ஒரு வரி வைத்திருக்கிறேன்: “சதவீதங்கள் சுருக்கப்படாத தொகைகளிலிருந்து கணக்கிடப்பட்டவை, முந்தைய ஆண்டின் எண் மைனஸாக இருந்த இடங்களில் சதவீதம் தரப்படவில்லை.” விரல் வைத்துக் கேட்ட அந்த இயக்குநர் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் முதலில் அந்த அடிக்குறிப்பைத்தான் படித்தார், அப்புறம் பங்களிப்புப் பத்திக்குப் போய் இரண்டாவது கிளையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.